கேஸ் கட்டும் மேல்முறையீடும்

குற்ற வழக்குகளைப் பற்றி நம்மவரிடையே நிலவும் எண்ணங்களில் பெரும்பாலானவை திரைப்படங்கள் தந்தவை. தீர்ப்பு வாசிக்கப்படும் நேரத்தில் "நிறுத்துங்கள்!" என்று கூவிக்கொண்டு ஒருவர் ஓடி வருவார், கையில் ஒரு கடிதம் இருக்கும், அல்லது இறந்து போனதாகக் கருதப்பட்டவரே நேரில் வந்து நிற்பார். கொட்டகையில் கைதட்டல் எழும். மேல்முறையீடு என்றால் இதே நாடகம் இன்னும் பெரிய மண்டபத்தில், இன்னும் பெரிய நீதிபதியின் முன்னிலையில் இரண்டாம் முறை நடப்பது என்று நம் மன்றத்து நண்பர்கள் பலர் எண்ணியிருக்கிறார்கள். சட்டம் பயில்கிறவன் என்ற முறையில் என்னிடம் அவர்கள் கேட்கும் கேள்விகளும் அந்த எண்ணத்திலிருந்தே பிறக்கின்றன. "சாட்சி மறுபடியும் வந்து சொல்வானா?" "கைதியைக் கூண்டில் நிறுத்துவார்களா?" இரண்டுக்கும் பொதுவாக இல்லை என்பதே விடை. மேல்முறையீட்டில் சாட்சி வருவதில்லை, கைதி பெரும்பாலும் சிறையிலேயே இருக்கிறார், வருவது காகிதம். கயிறு போட்டுக் கட்டிய அந்தக் காகிதக் கட்டைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

அந்தக் கட்டில் என்னென்ன இருக்கும்? முதல் தகவல் அறிக்கை, குற்றப் பத்திரிகை, நீதிமன்றம் வனைந்த குற்றச்சாட்டு, சாட்சிகளின் வாக்குமூலங்கள், குறியிடப்பட்ட சான்றாவணங்கள், இறுதியில் எதிரியை நீதிபதி கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன விடைகளும், தீர்ப்பு. நம் ஊர்க் கோர்ட்டுகளில் பார்வை மகஜர் என்றும் மாதிரி வரைபடம் என்றும் சொல்வதை இங்கே வடக்கே பஞ்சநாமா என்றும் நக்ஷா நஜரி என்றும் சொல்வார்கள். பெயர் வேறானாலும் பொருள் ஒன்றே. அரசுத் தரப்புச் சாட்சிகளை நம் பக்கத்தில் அ.சா.1, அ.சா.2 என்று எண்ணிட்டு எழுதுவர். மேல்முறையீட்டு நீதிபதிக்கு அந்த மனிதர்கள் எண்களாகவே அறிமுகமாகிறார்கள். அழுத முகமோ தடுமாறிய குரலோ அவருக்குத் தெரியாது. சாட்சி சொன்ன விதத்தைப் பற்றி முதல் நீதிபதி குறிப்பு எழுதி வைக்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. அந்தக் குறிப்பு இருந்தால் அதுவே மேல்நீதிமன்றத்துக்குக் கிடைக்கும் முகம்.

வாக்குமூலம் எழுதப்படும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பல வழக்குகளின் முடிவு இங்கேதான் இருக்கிறது. செஷன்ஸ் வழக்கில் சாட்சியத்தைக் கேள்வியும் பதிலுமாக எழுதுவது வழக்கமன்று. தொடர்ந்த கதையாக எழுதுவதே பொது விதி. கேள்வி பதிலாக எழுத நீதிபதிக்கு உரிமை உண்டு. நீதிபதிகள் அந்த உரிமையைச் சிக்கனமாகவே பயன்படுத்துகிறார்கள். ஆகவே, "அப்பொழுது இருட்டாக இருந்ததல்லவா?" என்று வக்கீல் கேட்க, சாட்சி ஒரு கணம் தயங்கி, "ஆமாம்" என்று மெல்லச் சொன்னால், ஏட்டில் "அப்பொழுது இருட்டாக இருந்தது" என்றுதான் ஏறும். தயக்கம் கணக்கில் வராது. குறுக்கு விசாரணையின் கடைசியில், "நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல" என்று ஒரு வாக்கியம் ஏறக்குறைய ஒவ்வொரு வாக்குமூலத்திலும் இருக்கும். முதல் முறை படிக்கிறவர்களுக்கு, சாட்சி ஏன் தானாகவே இப்படிச் சொல்லிக்கொள்கிறார் என்று வியப்பாக இருக்கும். வக்கீல் ஒரு கருத்தை அவர்முன் வைத்தார், அவர் மறுத்தார் என்பதே அதன் பொருள். மறுக்கப்பட்ட கருத்து சாட்சியமாகாது. ஆனால் அந்தக் கருத்தை வக்கீல் முன்வைக்கவே இல்லையானால், "கீழ்நீதிமன்றத்தில் இதை ஏன் சொல்லவில்லை?" என்று மேல்நீதிமன்றம் கேட்கும். ஒரு வாக்கியத்தின் பயன் அவ்வளவுதான். அது இல்லாத குறை பெரிது.

எழுதிய வாக்குமூலத்தைச் சாட்சிக்குப் படித்துக் காட்ட வேண்டும். எதிரியோ அவருடைய வக்கீலோ உடனிருக்க வேண்டும். தவறு என்று சாட்சி சொன்னால் திருத்த வேண்டும், அல்லது அவருடைய ஆட்சேபத்தைக் குறித்து வைக்க வேண்டும். சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு, வெளியே இன்னும் நான்கு சாட்சிகள் காத்திருக்கும்போது அந்தப் படிப்பு எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. போலீசார் விசாரணையின்போது சாட்சிகளிடம் எழுதி வாங்கும் வாக்குமூலங்கள் கட்டோடு இருந்தாலும், அவை சாட்சியம் ஆகா. கோர்ட்டில் சொன்னதும் போலீசாரிடம் சொன்னதும் முரண்படும்போது, அந்த முரணைக் காட்டுவதற்காக மட்டும் எதிர்த்தரப்பு அவற்றைப் பயன்படுத்தலாம். அதற்கும் முறை உண்டு. முரண்பட்ட பகுதியைச் சாட்சியின் கவனத்துக்குக் கொண்டுவந்து கேட்க வேண்டும். அவர் மறுத்தால், பிறகு புலன் விசாரணை அதிகாரி கூண்டேறும்போது அவர் வாயிலாக அதை மெய்ப்பிக்க வேண்டும். இந்த இரண்டு படிகளில் ஒன்று தவறினாலும், முரண் கண்ணுக்கு நேரே காகிதத்தில் இருந்தும், மேல்நீதிமன்றம் அதைப் பார்க்க முடியாது. அனுபவம் மிக்க வக்கீல்கள் கீழ்நீதிமன்றத்தில் பேசும்போதே மேல்நீதிமன்றத்துக்காகப் பேசுகிறார்கள் என்று சொல்வது இதனால்தான்.

இனி, கட்டு எப்படிப் பயணப்படுகிறது என்று பார்ப்போம். 1973-ஆம் ஆண்டின் குற்ற நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அன்றைக்கு நிலுவையில் இருந்த மேல்முறையீடுகள் பழைய சட்டப்படியே தொடர்கின்றன. மேல்முறையீட்டைப் பொறுத்தவரை எண்கள்தாம் பெரும்பாலும் மாறின: பழைய 374 இன்று 415, பழைய 386 இன்று 427. மாஜிஸ்டிரேட் தண்டித்தால் செஷன்ஸ் கோர்ட்டுக்கும், செஷன்ஸ் நீதிபதி தண்டித்தாலோ தண்டனை ஏழாண்டுக்கு மேற்பட்டாலோ ஹைகோர்ட்டுக்கும் செல்ல வேண்டும். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி ஹைகோர்ட்டுக்கு 60 நாள், மற்றக் கோர்ட்டுகளுக்கு 30 நாள். மரண தண்டனைக்கு எதிராகவும் 30 நாளே. மரண தண்டனையில் கைதி ஒன்றும் செய்யாவிட்டாலும் செஷன்ஸ் நீதிபதியே கட்டு முழுவதையும் ஹைகோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். அது உறுதி செய்யாமல் தண்டனையை நிறைவேற்ற இயலாது. தீர்ப்பின் நகலைப் பெறுவதற்கு ஆகும் நாட்களைக் காலவரையறையிலிருந்து கழித்துக்கொள்ளலாம். தக்க காரணம் காட்டினால் தாமதத்தையும் மன்னிப்பார்கள்.

நகல் என்றேன். மேல்முறையீட்டு மனுவோடு தீர்ப்பின் நகலை வைக்க வேண்டும். சிறைத் தண்டனை விதித்தவுடனே எதிரிக்கு அந்த நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். இது சிறிய சம்பிரதாயம்போல் தோன்றும். அஃது எவ்வளவு பெரியது என்பதை 1978-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் எடுத்துக் காட்டியது. தண்டிக்கப்பட்டவர் ஒரு பல்கலைக்கழக ஆசிரியர். வேறொரு பல்கலைக்கழகத்தின் பட்டங்களைப் போலியாகச் செய்ய முயன்றார் என்பது குற்றச்சாட்டு. ஹைகோர்ட் தண்டனையை மூன்றாண்டாக உயர்த்தியது. அவர் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது நான்கு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. நகல் சிறைக்கு வந்தது என்றது ஒரு பக்கம். தன் கைக்கு உரிய காலத்தில் வரவில்லை என்றார் கைதி. அவர் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து இல்லை. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அவருடைய மனுவை ஏற்கவில்லை; குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாகவே கொண்டார். ஆயினும் அந்தத் தீர்ப்பில் மற்றக் கைதிகளுக்காக விதிகள் வகுத்தார்: தீர்ப்பின் நகல் உடனே தரப்பட வேண்டும், சிறை அதிகாரி அதைக் கைதியிடம் சேர்த்து எழுத்து மூலம் ஒப்புதல் வாங்க வேண்டும், மேல்முறையீடு செய்ய விரும்பினால் எல்லா வசதியும் செய்து தர வேண்டும், வக்கீல் வைக்க வசதியற்றவருக்கு அரசுச் செலவில் வக்கீல் அமர்த்த வேண்டும். தோற்ற மனுவிலிருந்து பிறந்த விதிகள் இவை.

அந்த ஒப்புதல் கையெழுத்தை நான் இங்குள்ள ஒரு மாவட்டச் சிறையில் பார்த்தேன். சட்ட உதவிக்காக வக்கீல் ஒருவருடன் நாங்கள் மாணவர்கள் சிலர் செல்வதுண்டு. நாமக்கல் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் அங்கே இருந்தார். சரக்குக்கு அடியில் கஞ்சா இருந்ததென்று பத்தாண்டு தண்டனை. தமிழில் பேசுகிறவன் வந்திருக்கிறேன் என்று கேட்டதும், மனைவி எழுதிய கடிதங்களோடு ஒரு பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்திருந்த தீர்ப்பை எடுத்து நீட்டினார். இருபத்து மூன்று பக்கம், முழுவதும் இந்தி. "தம்பி, இதில என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். வந்த ஓரிரு நாளிலேயே நகலைப் பெற்றுக்கொண்டதாகத் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் பார்த்த அன்று 41 நாள் ஆகியிருந்தது. சட்டம் கேட்பது நிறைவேறிவிட்டது. அவருக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

நண்பர்கள் இந்த ஒரு விதியையாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். எதிரி விண்ணப்பித்தால், தீர்ப்பின் சான்றளித்த நகலையோ, அவர் விரும்பினால், இயலுமாயின் அவருடைய சொந்த மொழியில் அதன் மொழிபெயர்ப்பையோ தாமதமின்றித் தர வேண்டும். மேல்முறையீட்டுக்கு உரிய வழக்கானால் அதற்குக் கட்டணம் இல்லை. பழைய சட்டத்தில் 363, இன்றைய சட்டத்தில் 404. "இயலுமாயின்" என்ற சொல் சற்று உறுத்துகிறது. தமிழ் தெரிந்தவர் ஆயிரக்கணக்கில் வாழும் ஊர்களில் அது இயலாது என்று எளிதில் சொல்லிவிட முடியாது என்பது என் கருத்து. அன்றே அந்த விண்ணப்பத்தை எழுதினோம். மொழிபெயர்ப்பு வரும்வரை நாள் காத்திருக்காதல்லவா? ஆகவே, சிறையில் இருப்பவர் தம் மனுவையும் நகலையும் சிறை அதிகாரியிடமே கொடுக்கலாம், அவர் அதை உரிய நீதிமன்றத்துக்கு அனுப்புவார் என்ற 424-ஆம் பிரிவின்படி மேல்முறையீட்டையும் அப்போதே கொடுத்தாயிற்று. இத்தகைய சிறை மனுவை, கைதியின் தரப்பைக் கேட்க நியாயமான வாய்ப்புத் தராமல் தொடக்கத்திலேயே தள்ளிவிடக் கூடாது என்ற பாதுகாப்பும் உண்டு.

தீர்ப்பை அவருக்கு நான் வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தபோது ஓரிடத்தில் அவர் நிறுத்தினார். "எதிரியைக் கேட்டதற்கு எல்லாம் பொய் என்றார்" என்று இருந்தது. "அப்பிடி ஒண்ணும் நான் சொல்லலியே, வக்கீலு தலையாட்டச் சொன்னாரு, ஆட்டினேன்" என்றார். சாட்சியம் எதிரிக்குப் புரியாத மொழியில் சொல்லப்பட்டால், திறந்த நீதிமன்றத்தில் அவருக்குப் புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். அப்படிப் பெயர்த்துச் சொன்னார்களா, சொன்னவர் யார் என்பதற்குக் கட்டில் குறிப்பு இருக்கிறதா என்பது இப்பொழுது அவருடைய மேல்முறையீட்டில் ஒரு காரணம். மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது.

மனு ஏற்கப்பட்டதும் அரசுத் தரப்புக்கு அறிவிப்புப் போகும்; கீழ்நீதிமன்றத்துக் கட்டை வரவழைப்பார்கள். ஹைகோர்ட்டில் அதிலிருந்து அச்சடித்தோ தட்டச்சு செய்தோ பேப்பர் புக் தயாரிப்பார்கள். வட்டார மொழியில் உள்ளவை ஆங்கிலத்துக்கு மாறும். மாதங்கள் கரையும் இடம் இதுதான். பேப்பர் புக் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நாம் எல்லோரும் அறிந்த வழக்கு ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவுக்கும் மூவருக்கும் 2014 செப்டம்பர் 27-இல் பெங்களூர் தனி நீதிமன்றம் தண்டனை விதித்தது. 2003-இல் அந்த வழக்கு சென்னையிலிருந்து அங்கே மாற்றப்பட்டபோதே தமிழில் இருந்த சாட்சியங்களை ஆங்கிலத்துக்குப் பெயர்க்கும் பெரும்பணி எழுந்தது. 2014 அக்டோபர் 17-இல் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தபோது, இரண்டு மாதத்துக்குள் பேப்பர் புக்கைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று கெடு வைத்தது. அதனால்தான் அந்த மேல்முறையீடு 2015 மே 11-ஆம் நாளே தீர்ப்புக்கு வந்தது.

அந்தத் தீர்ப்பில் கர்நாடக ஹைகோர்ட் எல்லோரையும் விடுதலை செய்தது. வருமானத்துக்கு மேற்பட்ட சொத்து 8.12 சதவீதமே என்பது அதன் கணக்கு. தீர்ப்பிலேயே வங்கிக் கடன்களின் பட்டியல் இருந்தது. அடியில் கூட்டுத் தொகை ஏறத்தாழ 24.17 கோடி ரூபாய் என்றிருந்தது. இனங்களைக் கூட்டிப் பார்த்தால் 10.67 கோடிதான் வந்தது. பதின்மூன்றரைக் கோடி வித்தியாசம்! பட்டியலும் கூட்டலும் ஒரே பக்கத்தில் இருந்ததால் எவரும் சரி பார்க்க முடிந்தது. 2017 பிப்ரவரி 14-இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை நீக்கித் தண்டனையை மீட்டது. ஜெயலலிதா 2016 டிசம்பர் 5-இல் காலமாகிவிட்டபடியால் அவரைப் பொறுத்த மேல்முறையீடு அற்றுப்போயிற்று. அரசியலை ஒதுக்கிவிட்டு இந்த மூன்று தீர்ப்புகளையும் அடுத்தடுத்துப் படிக்கும்படி சட்ட மாணவர்களுக்குச் சிபாரிசு செய்கிறேன். சாட்சிகள் அவர்களே, ஆவணங்கள் அவையே. படித்த கண்கள் மட்டும் மூன்று.

பழைய எடுத்துக்காட்டு வேண்டுவோர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கை எடுத்துக்கொள்ளலாம். 1944-இல் நடந்த அந்தக் கொலைக்காக எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1945-இல் தண்டிக்கப்பட்டனர். சென்னை ஹைகோர்ட்டில் அப்பீலும் தோற்றது. லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் அந்த அப்பீலை மறுபடி கேட்கும்படி திருப்பி அனுப்பியது. 1947-இல் இருவரும் விடுதலை ஆயினர். சாட்சிகளை மறுபடி கூண்டில் ஏற்றிய மறுவிசாரணையன்று அது. அப்பீலையே மறுபடி கேட்டது.

அப்படியானால் புதிய சான்றுக்கு இடமே இல்லையா? உண்டு. 432-ஆம் பிரிவு, தேவை என்று கருதினால் காரணத்தை எழுதி வைத்துக் கூடுதல் சாட்சியம் எடுக்க மேல்நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் கீழே விட்ட ஓட்டைகளை மேலே அடைக்க அதைப் பயன்படுத்த விடமாட்டார்கள். பாண்டியன் அவையில் கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியதை நம் வகுப்பு நண்பர் ஒருவர் கூடுதல் சாட்சியத்துக்கு முதல் எடுத்துக்காட்டு என்பார். வேடிக்கையான கூற்றுத்தான், ஆனால் தண்டனை நிறைவேறிய பிறகு வந்த சான்று அது. கோவலனைக் கேட்ட கேள்வியும் இல்லை, எழுதிய ஏடும் இல்லை.

மேல்நீதிமன்றம் விடுதலை செய்யலாம், மறுவிசாரணைக்கு அனுப்பலாம், குற்றத்தின் பிரிவை மாற்றலாம், தண்டனையைக் குறைக்கலாம். கைதி செய்த மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்ட முடியாது. கூட்ட வேண்டுமானால் அரசு தனியே முறையிட வேண்டும். "அப்பீல் போனால் இன்னும் அதிகமாகப் போட்டுவிடுவார்களோ" என்று அஞ்சிச் சும்மா இருந்துவிடும் கைதிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இது. மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீனில் விடவும் 430-ஆம் பிரிவில் வழி உண்டு. ஐந்தாறு ஆண்டு உள்ளே வைத்திருந்து பிறகு நீ குற்றவாளியல்ல என்று அனுப்புவது நீதியின் கேலிக்கூத்தாகும் என்ற கருத்தை நீதிபதி பகவதி 1977-இலேயே சொன்னார். கஞ்சா முதலிய போதைப்பொருள் வழக்குகளில் இந்த வாசல் மிகக் குறுகல்.

விசாரணை நாளன்று வக்கீல் வராவிட்டால்? சிவில் வழக்கைப் போல் வராமைக்காகத் தள்ளிவிட முடியாது. கட்டைப் பார்வையிட்டு என்பது சட்டத்தின் சொல். 1996-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் இதைத் தெளிவாக்கினர்: எவரும் வராவிட்டாலும் கட்டைப் படித்துத் தகுதியின்மேல் தீர்க்க வேண்டும். கைதி சிறையிலிருந்து வர இயலாத நிலையில் வக்கீலும் வராவிட்டால், அரசுச் செலவில் வக்கீல் ஒருவரை அமர்த்திக் கேட்பது நல்லது என்றும் குறிப்பிட்டனர். பேசுவார் இல்லாதபோது கட்டே கைதிக்காகப் பேச வேண்டியிருக்கிறது.

அந்தக் கட்டே காணாமற் போய்விட்டால் என்ன ஆகும்? இது கற்பனையன்று. கரையான், வெள்ளம், தீ, இடமாற்றத்தில் தவறிய மூட்டை — இந்நாட்டு ஆவண அறைகளுக்கு இவையெல்லாம் பழக்கமானவை. உத்தரப் பிரதேசத்துக் கொலை வழக்கு ஒன்றில் ஆவணங்கள் கிடைக்கவில்லை என்பதற்காக ஹைகோர்ட் எதிரிகளை விடுதலை செய்தது. 2004-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முதலில் கட்டை மறுபடி உருவாக்க முயல வேண்டும்: இரு தரப்பு வக்கீல்களிடமும், போலீசாரிடமும், வேறு அலுவலகங்களிலும் உள்ள நகல்களைத் திரட்ட வேண்டும். முடியாவிட்டால் மறுவிசாரணை, அதுவும் இயலாதபோதே வழக்கை முடிப்பது. இதற்கு மறுபக்கமும் உண்டு. 2023-இல் ஒரு ரயில்வே அதிகாரியின் லஞ்ச வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அங்கே கீழ்நீதிமன்றத்துக் கட்டு கிடைக்காமலே, தீர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஹைகோர்ட் தண்டனையை உறுதி செய்திருந்தது. கட்டைப் பார்க்காமல் தண்டனையை உறுதி செய்வது எதிரியின் உரிமைக்கு மாறு என்று உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. சம்பவம் நடந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டதால் மறுவிசாரணைக்கும் அனுப்பவில்லை. கீழ்நீதிமன்ற ஆவணங்களை மின்னணு முறையில் பாதுகாக்கும் ஏற்பாடுகளைச் செய்யும்படியும் அந்தத் தீர்ப்பு கூறியது. ஸ்கேன் செய்த பக்கத்தில் ஓரத்துக் கையெழுத்துக் குறிப்பு வெட்டுப்படாமல் இருக்க வேண்டும் என்பது என் சிறு கவலை. சில வழக்குகளில் வேண்டியது அந்த ஓரத்தில்தான் இருக்கும்.

காத்திருக்கும் காலத்தில் கைதி இறந்துவிடுவதும் உண்டு. அப்போது மேல்முறையீடு அவரோடு அற்றுப்போகும் என்பது பொது விதி. அபராதத்தைப் பற்றிய மேல்முறையீடு மட்டும் நிற்கும். ஆனால் மரண தண்டனையோ சிறைத் தண்டனையோ பெற்றவர் மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது இறந்தால், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தார் ஆகியோரில் ஒருவர் 30 நாளுக்குள் நீதிமன்றத்தின் அனுமதி கேட்டு அதைத் தொடர்ந்து நடத்தலாம். அனுமதி கிடைத்தால், மனுவில் இறந்தவரின் பெயருக்குப் பின் தொடர்கிறவரின் பெயரைச் சேர்த்து, அதே எண்ணில், அதே கட்டைப் படித்து மேல்முறையீட்டைக் கேட்பார்கள்.